வானொலியா, அசரீரியா?

சென்ற திங்கள் ஒரு மாலைப் பொழுது. ஊர்ப் படிப்பகத்தில் ஏடு புரட்டிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்; பெருமூச்சு விட்டார். "என்ன இருந்தாலும் அந்தக் காலத்துத் திருச்சி வானொலி போல வருமா, தம்பி?" என்றார். அருகில் இருந்தவர் ஆமென்று தலையசைத்தார். மூன்றாமவர் அதனோடு நிற்கவில்லை. காலையில் நிலையம் திறக்கும்போது எழும் அந்த இசையை வாயாலேயே இசைத்துக் காட்டினார். மூவர் முகத்திலும் ஒரு மலர்ச்சி. மறு நொடியே ஒரு வாட்டம். "எல்லாம் போயிற்று" என்று முடித்தனர்.

நாம் இருபதுகளில் இருப்பவர்கள். பள்ளியில் பாடம் சொல்லும் பணியில் இருப்பவர்கள். அம்முதியோர் போற்றும் பொற்காலத்தில் நாம் பிறக்கவே இல்லை. எனினும் அவர்தம் ஏக்கத்தை எள்ளி நகையாட நமக்கு மனம் வரவில்லை. நம் பாட்டனார் வீட்டுத் திண்ணையில், தோலுறை போட்ட சிறு பெட்டி ஒன்று ஆணியில் தொங்கிய காட்சி நம் கண்ணிலும் நிற்கிறது. பொழுது சாய்ந்ததும் அவர் அதன் திருகைத் திருப்புவார். 'வீடும் வயலும்' தொடங்கும். அதுவரை ஓயாது பேசிக்கொண்டிருந்த வீடு வாயடைத்துப் போகும். அந்த அமைதியின் அருமை நமக்கும் தெரியும்.

ஆனால், போற்றுவது வேறு. பொருள் ஆய்வது வேறு. கடந்த காலம் என்பதற்காகவே ஒன்றைப் பொற்காலம் என்று ஒப்புக்கொள்வது பகுத்தறிவாளர்க்கு அழகன்று. புராணிகர் செய்யும் வேலை அது. ஆகவே கேட்போம்: போனது என்ன? இருந்தபோது அது எப்படி இருந்தது? இன்று இருப்பது எது? நாளை வேண்டுவது எது?

முதலில் பிறப்பைப் பார்ப்போம். தமிழ்நாட்டு வானொலி தில்லியில் கருக்கொண்டு இங்கே வந்திறங்கியது என்று பலர் எண்ணுகின்றனர். அன்று! 1924 ஆம் ஆண்டிலேயே சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் ஒரு வானொலி மன்றம் அமைந்து ஒலிபரப்பைத் தொடங்கிவிட்டது. பொருள் இன்மையால் 1927-ல் அது ஓய்ந்தது. ஓய்ந்தவர்கள் கருவியைச் சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைத்தனர். மாநகராட்சி 1930 முதல் தானே ஒலிபரப்பு நடத்தியது. கடற்கரையிலும் பூங்காவிலும் ஒலிபெருக்கி கட்டி, பெட்டி வாங்க வழியில்லாதவனையும் பாட்டுக் கேட்கச் செய்தது. சாலை போடுவது போல, விளக்கேற்றுவது போல, வானொலி நடத்துவதும் ஊராட்சியின் பணி என்று கருதிய காலம் ஒன்று இருந்தது! 1938 ஜூன் 16 அன்றுதான் நடுவண் அரசின் நிலையம் சென்னையில் அந்த இடத்துக்கு வந்தது. அடுத்த ஆண்டு, 1939 மே 16 அன்று, திருச்சிராப்பள்ளி நிலையம் பிறந்தது.

1947-ல் வெள்ளையர் வெளியேறியபோது இந்திய ஒன்றியத்தில் எஞ்சியவை ஆறே நிலையங்கள்: தில்லி, பம்பாய், கல்கத்தா, இலக்னோ, சென்னை, திருச்சி. ஆறில் இரண்டு தமிழ்நாட்டில்! நாட்டின் பரப்பில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கையும், மக்களில் நூற்றுக்குப் பதினொரு பங்கினரையுமே அந்த ஆறும் எட்டின. அந்தச் சிறு வட்டத்துக்குள் காவிரிக்கரை உழவன் இடம்பெற்றிருந்தான் என்பது சிறிய செய்தி அன்று. பின்னர் ஊராட்சி மன்றங்கள் வானொலிப் பெட்டி வாங்கின; கூம்பு வடிவ ஒலிபெருக்கி ஊர் நடுவே உயர்ந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவன் உலகச் செய்தி கேட்டான். ஏட்டையும் எழுத்தையும் தலைமுறை தலைமுறையாக எவனுக்கு மறுத்தார்களோ, அவன் காதுக்குப் பூட்டுப் போட எவராலும் இயலவில்லை. தெருவுக்குத் தெரு எல்லை வகுத்தவர்களால் ஒலிக்கு எல்லை வகுக்க முடியவில்லை! வானொலியின் முதல் புரட்சி இதுவே. அதன் பின் வந்தவை எல்லாம் இதற்கு அடுத்தவையே.

இரண்டாவது பெருமை நெல்லைப் பற்றியது. 1960களின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் 'ஆடுதுறை 27' என்ற குறுகிய கால நெல்லைத் தந்தது. சப்பானிய நெல்லையும் நம் நாட்டு நெல்லையும் இணைத்துக் கண்ட வகை அது. அந்த நெல்லை எப்போது விதைப்பது, எத்தனை நாளில் நடுவது, எந்த உரம் எவ்வளவு இடுவது என்பதையெல்லாம் திருச்சி வானொலி நாள்தோறும் சொல்லிற்று. தஞ்சை மாவட்டத்து உழவர் அந்த நெல்லுக்கு என்ன பெயர் வைத்தனர் தெரியுமா? 'ரேடியோ நெல்'! ஆராய்ச்சியாளர் இட்ட எண்ணை மறந்தனர். அதைப் பற்றிச் சொல்லிய கருவியின் பெயரையே நெல்லுக்குச் சூட்டினர். வேறு எந்த விருதும் ஒரு நிலையத்துக்கு இதைவிடப் பெருமை தந்துவிட முடியாது. நல்ல நாள் பார்த்து விதைத்தவன், நாற்றின் வயது பார்த்து நடக் கற்றான். பஞ்சாங்கத்தைப் பார்த்த கண், வானொலிப் பெட்டியின் பக்கம் திரும்பிற்று. பகுத்தறிவு மேடையில் மட்டுமா வளர்ந்தது? வயலிலும் வளர்ந்தது.

இத்தனையும் உண்மை. இவ்வளவில் நிறுத்திக்கொண்டால் நாமும் படிப்பகத்து முதியவரோடு சேர்ந்து பெருமூச்சு விடலாம். ஆனால் தராசுக்கு இரு தட்டு உண்டு. மறு தட்டையும் பார்ப்போம்.

அந்த நிகழ்ச்சியின் பெயர் 'வீடும் வயலும்'. யாருடைய வீடு? யாருடைய வயல்? உரத்தின் அளவு தெரிந்துகொள்ள வேண்டியவன் நிலம் உடையவன். முழங்கால் சேற்றில் நின்று நாற்று நட்டவளுக்கு வயலும் இல்லை. அவள் குடியிருந்த வீட்டு மனையும் அவளுடையதன்று. அறிவியல் வந்தது, விளைச்சல் பெருகிற்று. பெருகிய விளைச்சலில் கூலிக்காரன் பங்கு என்ன என்ற கேள்வியும் கூடவே எழுந்தது. அதே தஞ்சை மாவட்டத்தில், அதே பத்தாண்டில், 1968 டிசம்பர் 25 அன்று, கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்டுப் போராடிய உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 உயிர்கள் குடிசையில் வைத்துக் கொளுத்தப்பட்டன. நெல்லைப் பெருக்கச் சொல்லித்தர ஒரு கருவி இருந்தது. நீதியைப் பெருக்கச் சொல்லித்தர எந்தக் கருவி இருந்தது? 'வானொலிப் பொற்காலம்' என்று சொல்லும்போது, அந்தப் பொன் யார் கையில் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

இசைக்கு வருவோம். ஆர்மோனியம் என்னும் கருவியை 1940 முதல் 1971 வரை இந்திய வானொலி விலக்கி வைத்திருந்தது. சுருதி நுட்பம் அதில் நில்லாது என்பது அவர்கள் காட்டிய காரணம். இருக்கட்டும். ஆனால் தமிழ்நாட்டு நாடகக் கொட்டகையின் உயிர்நாடி அக்கருவி அன்றோ? பாட்டாளி மக்கள் விடிய விடியக் கண்விழித்துக் கேட்ட இசை ஆர்மோனியப் பெட்டியிலிருந்து எழுந்த இசை அன்றோ? சான்றோர் செவிக்கு ஒவ்வாது என்ற ஒரே காரணத்தால், பல்லாயிரவர் செவிக்கு இனித்த ஒன்றுக்கு முப்பதாண்டுக்கும் மேல் வாயில் மூடியிருந்தது. தீண்டாமை மனிதரோடு நில்லாமல் மரப்பெட்டி வரை போயிற்று!

தமிழ்ப் பாட்டின் கதை என்ன? 1941-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடிற்று. 1943-ல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றிற்று. தமிழ்நாட்டு மேடையிலும் வானொலியிலும் தமிழ்ப் பாட்டுக்கு உரிய இடம் வேண்டும் என்று, தமிழர் தமிழ்நாட்டில் மாநாடு கூட்டிக் கேட்கவேண்டிய நிலை! அப்படிக் கேட்டுப் பெற்றதே வானொலியில் நாம் பின்னர்க் கேட்ட தமிழ்ப் பாட்டு. தானாகக் கனிந்து விழுந்த கனி அன்று. உலுக்கி உதிர்த்த கனி.

பின்னர் 1952 முதல் பத்தாண்டு செய்தி ஒலிபரப்பு அமைச்சராக இருந்த பி. வி. கேஸ்கர், திரைப்பாட்டு மக்கள் சுவையைக் கெடுக்கிறது என்று முடிவு கட்டினார். வானொலியில் திரைப்பாட்டு அருகிற்று. விளைவு என்ன? மக்கள் சுவை மாறிற்றா? இல்லை, திருகைத் திருப்பும் திசை மாறிற்று! கடல் கடந்து இலங்கை வானொலி அழைத்தது. வடநாட்டார் இந்திப் பாட்டுக்காக அங்கே போயினர்; நாம் தமிழ்ப் பாட்டுக்காகப் போனோம். மயில்வாகனன், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது என்று இலங்கைத் தமிழ் அறிவிப்பாளர் பெயர்களை இங்குள்ள தேநீர்க் கடைகள் மனப்பாடமாகச் சொல்லின. தில்லி தன் தவற்றை உணர்ந்து 1957 அக்டோபர் 3 அன்று 'விவித பாரதி' என்ற சேவையைத் தொடங்கிற்று. அமைச்சரின் ஆணையைத் தோற்கடித்தவர் எவர்? பெட்டியின் முன் அமர்ந்து ஒரு திருகைத் திருப்பிய எளிய நேயர்! இலங்கை வானொலியின் மீது நம் முதியோருக்கு இன்றும் உள்ள பற்றை ஆராய்ந்தால், அதனுள் பாட்டு மட்டும் இல்லை. தம்மை மதித்துப் பேசிய குரல் ஒன்று இருந்தது என்பது விளங்கும். "நேயர்களே" என்று அக்குரல் அழைத்தபோது, அழைக்கப்பட்டவன் மனிதனாக உணர்ந்தான். நம் நாட்டு நிலையங்களோ நெடுங்காலம் நம்மை மாணவனாக நடத்தின. நிமிர்ந்து உட்கார், கவனி, கேள்வி கேளாதே என்றன.

ஆம், கேள்வி கேளாதே! பழைய வானொலியின் பெருங்குறை இதுதான். செய்தி பல பத்தாண்டு தில்லியிலிருந்தே வந்தது. மன்னார்குடிக்காரன் தன் மாநிலத்தில் நடந்ததைத் தில்லி வாயால் கேட்டான். அரசு சொல்லும், மக்கள் கேட்பர். தேர்தல் வந்தால்கூட எதிர்க்கட்சிக்கு ஒலிவாங்கி கிடையாது. 1977-ல்தான் கட்சிகளுக்கு முதன்முறையாக வானொலியில் தேர்தல் உரைக்கு இடம் தரப்பட்டது. மக்களோ தம் வீட்டுப் பெட்டிக்கு உரிமக் கட்டணத்தை ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் செலுத்தி வந்தனர். பணம் கட்டியவன் பேச முடியாது. பேசியவன் பதில் சொல்லவேண்டியதில்லை. இதுவா பொற்காலம்?

சமயத்தின் பக்கமும் சற்றுத் திரும்புவோம். காலை என்றால் பக்திப் பாட்டு. அதிலிருந்துதான் நாள் தொடங்கும். ஒரு சமயத்துக்கு அல்ல, மூன்று சமயத்துக்கும் இடம் தந்தோம், இதுவே நடுநிலை என்பர். நாம் கேட்பது எளிய கேள்வி: எந்தச் சமயமும் வேண்டா என்று வாழும் குடிமகனும் உரிமக் கட்டணம் கட்டினானே, அவனுக்கு ஐந்து நிமிடம் எங்கே? அறிவியல் ஈன்ற குழந்தை அவ்வானொலி. 1887-ல் சோதனைச் சாலையில் மின்காந்த அலையை மெய்ப்பித்துக் காட்டிய செருமானிய அறிஞர் ஹென்ரிக் ஹெர்ட்ஸின் பெயர் ஒவ்வொரு நாளும் அதில் ஒலிக்கிறது. 'திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம், 936 கிலோஹெர்ட்ஸ்' என்று அறிவிப்பாளர் சொல்லும்போது, நொடிக்கு 9,36,000 முறை அதிரும் அலை நம் பெட்டியை எட்டுகிறது என்று பொருள். அதிர்வை அளந்தவன் பெயரைச் சொல்லிவிட்டு, அடுத்த நொடியில் ஆண்டவனைத் துயிலெழுப்பும் பாட்டைப் போட்டால், பெற்ற தாயை வாயிலில் நிறுத்திவிட்டு விருந்துக்குப் போவது போன்றதன்றோ அது?

இனி இன்றைய நிலை. 'மாறிவிட்டது' என்று முதியோர் வருந்துவது பொய்யன்று. ஆனால் மாற்றத்தின் பொருளை அவர்கள் பிழைபடக் கொண்டுள்ளனர். "இக்காலத்துப் பிள்ளைகளுக்குச் சுவை போயிற்று, அதனால் வானொலி கெட்டது" என்கின்றனர். சுவை கெடவில்லை, பெரியோரே. நிலையத்தின் வேர் அறுபட்டது.

1995-ல் உச்ச நீதிமன்றம் ஓர் அரிய தீர்ப்பைச் சொல்லிற்று: வான் அலைகள் பொதுமக்களின் சொத்து, அரசின் தனியுடைமை அல்ல. 1990-ல் இயற்றப்பட்டுத் தூங்கிய பிரசார் பாரதிச் சட்டம் 1997-ல் நடைமுறைக்கு வந்தது. அரசின் பிடியிலிருந்து வானொலி விடுபட்டது என்றனர். தனியார் பண்பலைக்கும் கதவு திறந்தது. மக்கள் சொத்து மக்களிடம் வந்ததா? ஒரு பாதி ஏலத்துக்குப் போயிற்று. மறு பாதி தில்லி மேசையிலேயே இருந்தது. தனியார் பண்பலை நிலையம் நாள் முழுதும் பேசும், சிரிக்கும், இராசிபலன் சொல்லும், நகைக்கடை விலாசம் சொல்லும். ஆனால் ஊரில் நடந்த ஒரு செய்தியைத் தானாகத் திரட்டிச் சொல்ல அதற்கு அனுமதி இல்லை! அரசு வானொலியின் செய்தியை வேண்டுமானால் அப்படியே மறு ஒலிபரப்புச் செய்யலாம். இரண்டாயிரம் ஆண்டு பழைய கோள்களின் ஆருடத்தைச் சொல்லத் தடையில்லை. இன்று காலை வாய்க்கால் உடைந்ததைச் சொல்லத் தடை. இதைவிடப் பகுத்தறிவுக்குப் பகையான விதியொன்றை வகுக்க முடியுமா?

அரசு நிலையங்களின் நிலை என்ன? ஓய்வு பெற்றுப் போனோர் இடங்கள் ஆண்டுக்கணக்கில் நிரம்பவில்லை. பகுதிநேர அறிவிப்பாளர்களின் தோளில் நிகழ்ச்சிகள் நிற்கின்றன. அன்றன்றைய பணிக்கு அன்றன்றைய கூலி. தில்லியில் தயாரான உரை, எல்லா நிலையங்களிலும் ஒரே நேரத்தில் ஒலிக்கிறது. 2014 அக்டோபர் முதல் பிரதமரின் திங்கள் உரை அவ்வாறு ஒலிபரப்பாகி வருகிறது. பிரதமர் பேசக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. பேசட்டும், கேட்போம். ஆனால் உள்ளத்தின் குரல் ஒருவர்க்கு மட்டுமா உண்டு? ஊருக்கு உள்ளம் இல்லையா? அதற்குக் குரல் வேண்டாவா? அந்தக் குரலுக்கு எந்த ஞாயிற்றுக்கிழமையில் இடம்?

இந்நிலையில்தான் 2023 மே திங்களில் ஓர் ஆணை வந்தது. 'ஆல் இந்தியா ரேடியோ' என்ற பெயரை ஒலிபரப்பில் விட்டுவிடவேண்டும். 'ஆகாசவாணி' என்றே சொல்லவேண்டும். 1950களிலும் இப்பெயர் நுழைந்தது, அன்றும் தமிழ்நாடு எதிர்த்தது, இன்றும் எதிர்த்தது. "பெயரில் என்ன இருக்கிறது? பாட்டு வந்தால் போதாதா?" என்று கேட்கும் நல்லவர்கள் உண்டு. அவர்களுக்காக இரண்டு சொல் சொல்லவேண்டும்.

'ஆகாசவாணி' கெட்ட சொல் என்பதன்று நம் வழக்கு. 1935-ல் மைசூரில் பேராசிரியர் எம். வி. கோபாலசாமி தம் சொந்த முயற்சியால் ஒரு சிறு நிலையம் நடத்தி, அதற்கு அப்பெயரைச் சூட்டினார். தம் ஊருக்குத் தாம் நடத்திய நிலையத்துக்குத் தமக்கு இனித்த பெயரை வைத்தார், பாராட்டுவோம். ஓர் ஊரார் உவந்து வைத்த பெயரை எடுத்து எல்லா ஊரார் வாயிலும் இட்டு நிரப்புவதைத்தான் எதிர்க்கிறோம். மேலும், அரசே தன் நிகழ்ச்சி இதழுக்குத் தமிழில் 'வானொலி' என்று பெயரிட்டுப் பல்லாண்டு நடத்தியதே! அந்தப் பெயர் மக்கள் நாவில் வேரூன்றிவிட்டதே! ஊன்றிய மரத்தை வெட்டிவிட்டு, கொண்டுவந்த கொம்பை நடுவானேன்?

பொருளையும் எண்ணிப் பாருங்கள். ஆகாயத்திலிருந்து எழும் வாக்கு என்பது புராணத்தில் என்ன? அசரீரி! உடல் இல்லாத குரல். கம்சனுக்கு மேலிருந்து ஒரு குரல் கேட்டது, அவன் நடுங்கினான். அசரீரி பேசும், கேட்பவன் எதிர்த்துக் கேட்க முடியாது. யார் பேசியது என்று உசாவ முடியாது. அது தவறிற்று என்று வழக்குத் தொடுக்க முடியாது. 'வானொலி' அப்படிப்பட்டதன்று. வான் வழியே வரும் ஒலி, அவ்வளவே. அனுப்பியவன் மனிதன்; கேட்பவன் மனிதன்; இடையில் நிற்பது இயற்பியல். அம்முதியவர் வாயால் இசைத்தாரே, அந்தத் தொடக்க இசை, அதைக்கூட எந்தக் கந்தருவனும் தரவில்லை. நாசிகளின் கொடுமை ஐரோப்பாவில் தலைதூக்கிய காலத்தில் இங்கே வந்து சேர்ந்த யூத இசையறிஞர் வால்டர் காஃப்மன் அமைத்ததாக அறியப்படுவது அது. அகதியாக வந்த ஒரு மனிதன் தந்த இசையோடு இந்நாட்டின் காலைப்பொழுதுகள் விடிந்தன. இதில் தெய்வீகம் இல்லை, இருப்பது மனிதம்.

ஆகவே நம் கேள்வி பெயரைப் பற்றியது மட்டும் அன்று. திருச்சி நிலையம் எப்போதெல்லாம் வானொலியாக இருந்தது, எப்போதெல்லாம் அசரீரியாக இருந்தது என்பதே கேள்வி. வயலின் ஈரத்தை அறிந்து நெல்லைப் பற்றிச் சொன்னபோது அது வானொலி. யார் பாடலாம், எந்தக் கருவி இசைக்கலாம், எதைச் சுவைக்கலாம் என்று மேலிருந்து ஆணையிட்டபோது அது அசரீரி. முதியோர் ஏங்குவது முன்னதற்காக. அவர்கள் மறந்தது பின்னதை. இன்று பெருகிவருவதும் பின்னதே. இந்த வேறுபாட்டை உணராமல் 'அந்தக் காலம்' என்று பொத்தாம் பொதுவாகப் புலம்பினால், வளர்க்கவேண்டியதும் தெரியாது; களையவேண்டியதும் தெரியாது.

"இனி வானொலி எதற்கு? கைப்பேசி இருக்கிறதே" என்று நம் தோழர்களே சிலர் கேட்கின்றனர். 2018 நவம்பர் 16 விடியற்காலையை அவர்களுக்கு நினைவூட்டுகிறோம். கஜா புயல் கரை கடந்தது. தென்னை சாய்ந்தது, மின்கம்பம் சாய்ந்தது, கைப்பேசிக் கோபுரமும் ஊமையாயிற்று. கையில் இருந்த கண்ணாடிப் பலகை விளக்கணைந்து, முகம் பார்க்க மட்டும் பயன்பட்டது. நம் பாட்டனாரின் தோலுறைப் பெட்டி மட்டும் பேசிற்று. இரண்டு பேட்டரி, ஒரு திருகு. கூரை இழந்த தெருவே அதைச் சுற்றி நின்றது. அப்போதுதான் நமக்கு உறைத்தது: வானொலி பழம்பொருள் அன்று, ஏழையின் கடைசிக் கருவி அது. எந்தச் சாலை திறந்திருக்கிறது, எந்தப் பள்ளியில் சோறு கிடைக்கிறது, எந்தக் கிணற்று நீர் குடிக்கத் தகும் என்பதை, ஊர்ப் பெயர் சொல்லி, தெருப் பெயர் சொல்லி, அக்கருவி அன்றன்று உரைக்கும் நாள் வரவேண்டும். அதற்குத் தில்லியில் ஒரு நிலையம் போதாது. ஊரறிந்த நிலையம் வேண்டும். ஊரறிந்த குரல் வேண்டும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. 2004 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி தொடங்கிற்று. 2006-ல் தொண்டு நிறுவனங்களுக்கும் அவ்வுரிமை விரிந்தது. 1930-ல் சென்னை மாநகராட்சியால் முடிந்தது, இன்று ஓர் ஊராட்சி ஒன்றியத்தால் முடியாதா? ஆனால் சமுதாய வானொலியும் தன் ஊர்ச் செய்தியைச் செய்தியாகச் சொல்ல இயலாது. வாய் தந்து நாவைக் கட்டிய கதை! இந்தக் கட்டை அவிழ்க்கக் கேட்போம். திருச்சி நிலையத்தில் நிரந்தரப் பணியாளரை அமர்த்தக் கேட்போம். உள்ளூர் நிகழ்ச்சிக்கு நாளில் இத்தனை மணி என்று வரையறுக்கக் கேட்போம். வழிபாட்டுப் பாட்டுக்குத் தரும் காலத்தில் ஒரு பங்கை அறிவியலுக்குக் கேட்போம். தமிழில் பேசும்போது 'வானொலி' என்றே சொல்லக் கேட்போம்.

ஒன்றைச் சொல்லி முடிப்போம். இக்கட்டுரை எழுத எண்ணியபோது, வகுப்பில் பிள்ளைகளைக் கேட்டோம்: "வீட்டில் வானொலிப் பெட்டி வைத்திருப்போர் யார்?" விரல்விட்டு எண்ணத்தக்க கைகளே உயர்ந்தன. கடைசி வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்து நின்றாள். "எங்க அப்பாயி நடவுக்குப் போறப்ப எடுத்துட்டுப் போகும் சார். வரப்பு வேப்பமரத்துல மாட்டி வச்சிட்டுத்தான் சேத்துல எறங்கும்" என்றாள்.

நமக்கு நாணமாயிற்று. படிப்பகத்தில் பெருமூச்சு விட்டவரும் வானொலி போயிற்று என்றார். கைப்பேசி ஏந்திய தோழரும் வானொலி போயிற்று என்றார். போகவில்லை! 'வீடும் வயலும்' என்ற பெயரில் எவளுக்கு வீடும் இல்லை, வயலும் இல்லை என்று சொன்னோமோ, அவள்தான் இன்றும் அதைக் கேட்கிறாள். குனிந்த முதுகு நிமிராமல் கேட்கிறாள். அவளுக்கு என்ன சொல்லப் போகிறோம்? இன்று மழை வருமா என்பதைச் சொல்வோமா? அவளுக்குச் சட்டப்படி சேரவேண்டிய கூலி எவ்வளவு என்பதைச் சொல்வோமா? அல்லது, அவள் இராசிக்கு இன்று நற்பலன் என்று சொல்லிவிட்டு நகர்வோமா?

பழைய திருச்சி வானொலிக்காக ஏங்குவோர் ஏங்கட்டும். நாம் அந்த வேப்பமரத்துப் பெட்டிக்காக எழுதுவோம், கேட்போம், போராடுவோம். வான் அலை மக்கள் சொத்து என்று நாட்டின் உயர்ந்த மன்றமே சொல்லிவிட்டது. உரியவர் கேட்டால்தான் உடைமை வந்து சேரும்.